கை நனைக்காமல்

பெரிய காஞ்சிபுரம்,
10.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மங்கை எழுதுகிறேன். நானும் இவரும் இருக்கிறபடி இருக்கிறோம். நீ, மாமா, அகிலா மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில் மேலே எழுதுகிறேன்.

எழுத்தைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிடாதே. போன வாரம்தான் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கட்டைவிரலைத் தூக்குகிற நரம்பு அறுந்துபோயிற்று என்று போனில் சொன்னேன் அல்லவா? டாக்டர் அதைத் தசைநாண் என்கிறார். நமக்கு எல்லாமே நரம்புதான். சுட்டுவிரலுக்கு அதில் இரண்டு இருக்குமாம். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். "அடி ஒண்ணும் படலையே சார், எப்படி அறுந்துச்சு?" என்று இவர் கேட்டார். "கெணத்துக் கயிறு எப்படி அறுந்துது? அப்படித்தான்" என்றார் டாக்டர்.

பயிற்சி கொடுக்கிற பெண்ணின் பெயர் திரிஷா. நம் அகிலா வயதுதான் இருக்கும். "ஆன்ட்டி, தெனம் ஒரு பக்கம் எழுதுங்க. வெரல் தேறிக்கினே வரும். லவ் லெட்டர்கூட எழுதலாம்" என்றாள். இவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "எனக்கு வாணாம்மா. அவுங்க அக்காவுக்கே எழுதட்டும், அங்கதான் பேச்சு முடியறதே இல்ல" என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. போனில் நாம் இருவருமே "நல்லாதான் இருக்குது" என்று சொல்லி வைத்துவிடுகிறவர்கள். காகிதத்தில் அப்படி ஒரு வரியோடு நிறுத்த முடியாது.

அகிலாவின் கூறைப்புடவை பாதி உடல் முடிந்தபடி தறியில் நிற்கிறது. பழைய வேட்டி போட்டு மூடியிருக்கிறேன். நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி அம்மாள் எழுந்து நின்று, "செலவு எங்களோடது, ஆனா புடவை சித்தி கையாலதான் இருக்கணும்" என்று சபையில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு மாலை போட்டது போல இருந்தது. தறியில் உட்கார மார்கழி ஆகும் என்கிறார் டாக்டர். கல்யாணமோ கார்த்திகையில். பார்ப்போம், நான் சீக்கிரம் தேறிவிடுகிற உடம்புக்காரிதான்.

சாப்பாடு இப்போதைக்கு ஸ்பூனில். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தங்கை,
மங்கையர்க்கரசி


திருநெல்வேலி,
17.10.2024

அன்புத் தங்கை மங்கைக்கு,

கிருஷ்ணவேணி அக்காவின் ஆசிகள். இங்கே மாமாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது, மற்றபடி குறையில்லை. தம்பி உதயகுமாரையும் கேட்டதாகச் சொல்.

உன் கோணல் எழுத்தைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. பி.ஏ. படிக்கும்போது உன் கையெழுத்தைக் காட்டி என்னை அப்பா எத்தனை திட்டியிருக்கிறார்! சாமி புண்ணியத்தில் எல்லாம் பழையபடி வரும்.

அகிலா தினமும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறாள். "சித்தி நெய்ஞ்ச புடவைன்னு ஃபோட்டோவுக்குக் கீழ எழுதிப் போடப்போறேன்" என்கிறாள். மாப்பிள்ளை ஆனந்தகுமாரிடமும் சொல்லிவிட்டாளாம். நேற்று சம்பந்தி அம்மாள் வந்திருந்தார். என்ன நிறம் என்று கேட்டார். அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை என்று சொன்னேன். "அரக்கா?" என்றார். பிறகு காப்பி குடித்தார்.

முந்தியில் என்ன வேலைப்பாடு வைக்கப்போகிறாய்? மறக்காமல் எழுது.

அன்புடன்,
அக்கா


பெரிய காஞ்சிபுரம்,
24.10.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மாமாவை வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடச் சொல். இங்கே மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றுகிறது.

என் கை ஒரு வேடிக்கையான பாடம் படித்துக்கொண்டிருக்கிறது. கட்டைவிரலைத் தூக்கு என்று எத்தனை நினைத்தாலும் அது தூக்காது. "யாரையாவது வெரல் நீட்டிக் காட்டுற மாரி நெனைங்க ஆன்ட்டி" என்கிறாள் திரிஷா. சுட்டிக்காட்டுவதாக நினைத்தால் கட்டைவிரல் எழுகிறது. இடம் மாற்றித் தைத்த நரம்புக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று இன்னும் தெரியவில்லை. பழைய வீட்டு வேலையையே செய்துகொண்டிருக்கிறது. கல்யாணமாகிப் போன பெண்கள் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். எதிரே காலண்டரில் இருக்கிற ஏகாம்பரநாதரைத்தான் தினமும் சுட்டிக்காட்டுகிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

மீதியைத் தான் நெய்து முடிப்பதாக இவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உனக்குத் தெரியாததா? ஊடு இழையை நெருக்க ஒருவர் பலகை அடிப்பது போல இன்னொருவர் அடிக்க முடியாது. கை மாறிய இடத்தில் துணியில் ஒரு கோடு விழும். உடுத்தினால் தெரியாது, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும். "வுழுந்தா வுழட்டுமே. பொண்ணு கட்டிக்கப்போறாளா, எக்ஸ்ரே எடுக்கப்போறாளா?" என்கிறார். கூறைப்புடவையில் கோடு விழுவதை நான் விரும்பவில்லை. கரை சேர்க்கிற கோர்வைக்கு எப்போதும் போல இவர் அந்தப் பக்கம் உட்காரட்டும், பலகையும் ஊடு ஓட்டுகிற நாடாவும் என் கையில்தான் இருக்கும்.

முந்தியில் அன்னமும் சக்கரமும் வைக்கலாம் என்றிருக்கிறேன். அகிலாவுக்குப் பிடிக்குமா? ரவிக்கை தைக்க, குஞ்சம் கட்ட எல்லாம் சேர்த்து எந்தத் தேதிக்குள் புடவை உன் கைக்கு வர வேண்டும்? அதைத் தெரிந்துகொண்டால் அதற்கேற்றபடி என் கையோடு பேசிப் பார்க்கிறேன்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
மங்கை


பெரிய காஞ்சிபுரம்,
7.11.2024

அன்புள்ள அக்கா,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கல்யாண வீட்டில் பேனாவைத் தேடுவதே ஒரு வேலை என்று எனக்குத் தெரியும். உங்கள் எல்லோர் உடம்பும் நன்றாக இருக்கிறது என்ற ஒரு வரி வந்தால் போதும்.

தீபாவளிக்கு நீ போன் செய்தபோது புடவைத் தேதியைக் கேட்டேன். நீ பலகாரத்தைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டாய். பக்கத்தில் ஆட்கள் இருந்திருப்பார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. தறிக்குழியில் ஈரம் ஏறுகிறது, பாவு இழை தொய்கிறது. மூடி வைத்திருக்கும் துணியைத் தினமும் விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடுகிறேன். என் எழுத்து எப்படித் தேறியிருக்கிறது பார்! இதையே மாமாவிடம் காட்டு.

தேதியை மட்டும் எழுது.

உன்,
மங்கை


திருநெல்வேலி,
14.11.2024

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. எல்லோரும் நலம். கை தேறிவருவது மிகவும் சந்தோஷம்.

சம்பந்தி வீட்டாரோடு சென்னைக்குப் போய் வந்தோம். அவர்களுக்குச் சில சாமான்கள் எடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் வண்டியிலேயே போய் அவர்களோடேயே திரும்பியதால் காஞ்சிபுரம் வர முடியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நீ உன் கையைப் பார்த்துக்கொள். டாக்டர் சொல்கிறபடி கேள். புடவைக்கு அவசரமில்லை.

அன்புடன்,
அக்கா


பெரிய காஞ்சிபுரம்,
19.11.2024

அன்புள்ள அக்கா,

நலம், அங்கேயும் அதுவே நிலைக்க வேண்டும்.

சென்னை வரை வந்து இங்கே வராமல் போனதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. பெண்ணைப் பெற்றவள் இன்னொருவர் வண்டியில் ஏறினால் அவர்கள் இறக்கிவிடுகிற இடத்தில்தான் இறங்க வேண்டும்.

அவசரமில்லை என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் சிரிப்பு வந்தது. திருநெல்வேலியில் இத்தனை வருஷம் இருந்தும் நம் தெரு உன்னை விட்டுப் போகவில்லை. பட்டுக் கடைக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "அவசரமில்லம்மா, நெதானமா குடு" என்றால் மறுநாள் விடியும்போது கடை ஆள் வந்து நிற்பான். நம் அப்பா தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "அவசரமில்ல, சோறு மெதுவா வேகட்டும்" என்பாரே! அம்மா அடுப்புக்கு ஓடுவாள். கேட்க வாய் கூசுகிறவர்களின் வார்த்தை அது. தங்கைக்குக் கை சரியில்லாதபோது எப்படி நெருக்குவது என்று நீ எத்தனை நாள் யோசித்திருப்பாய். பதில் வராமல் இருந்ததற்குக் காரணம் இப்போது விளங்கிவிட்டது. இதை நேரடியாகவே எழுதியிருக்கலாம், நான் வேறு யாரோ இல்லையே.

நேற்று கைப்பட்டையைக் கழற்றிவிட்டுத் தறிக்குழியில் இறங்கினேன். இவர் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். கோபத்தோடுதான். ஒரு சாண் நெய்தேன். கை கனக்கிறது, ஆனால் கேட்கிறது. திரிஷாவிடம் மறைக்க முடியவில்லை, வீக்கத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "ஆன்ட்டி, அது இன்னும் தையல்லதான் நிக்குது. இழுத்தீங்கன்னா போயிடும். அப்பறம் எங்கிட்ட வந்து அழுவக் கூடாது" என்றாள். "அழ மாட்டேன்மா" என்றேன். "அழாதவங்கதான் ரொம்ப டேஞ்சர்" என்றாள்.

புடவையை நானே கொண்டுவருகிறேன். இனி நீ தேதி சொல்ல வேண்டாம்.

உன் அன்புத் தங்கை,
மங்கை


திருநெல்வேலி,
27.11.2024

அன்பு மங்கைக்கு,

ஆசி. பத்திரிகை அனுப்பியிருக்கிறேன். மஞ்சள் தடவித்தான் அனுப்பினேன், வழியில் உதிர்ந்திருந்தால் வருத்தப்படாதே.

நீ தறியில் உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் மங்கை. உன் கையைவிட எதுவும் பெரிதில்லை. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நேரில் எல்லாம் பேசிக்கொள்ளலாம். தம்பியோடு முதல் நாளே வந்துவிடு.

அக்கா


பெரிய காஞ்சிபுரம்,
3.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மங்கை சொல்லச் சொல்ல இவர் எழுதுகிறார். எனக்கு வேலை இருக்கிறது, அதனால்தான். வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

புடவை முடிந்துவிட்டது. தறியிலிருந்து அறுத்து எடுத்தாயிற்று. முந்தியில் அன்னம் நன்றாக வந்திருக்கிறது. கல்யாணத்தன்று காலை வருவோம். முதல் நாள் வர முடியவில்லை, மன்னித்துக்கொள். அகிலாவுக்கு என் ஆசீர்வாதம்.

மங்கை

அண்ணிக்கு உதயகுமார் வணக்கம். நான் எழுத வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. எழுதக் கூடாது என்கிறாள்.


திருநெல்வேலி,
6.1.2025

மங்கைக்கு,

ஆசிகள். நீயும் தம்பியும் நலமாக ஊர் போய்ச் சேர்ந்ததாகக்கூடச் சொல்லவில்லை. போன் செய்தால் தம்பி எடுத்து, "அவ தூங்குறா அண்ணி" என்கிறார். பகல் பன்னிரண்டு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததில்லை.

மனசில் இருப்பதை எழுதிவிடுகிறேன். நீ செய்தது சரியில்லை. கல்யாணத்துக்கு வந்து பந்தியில் கை நனைக்காமல் போய்விட்டாய். தம்பியும் சாப்பிடவில்லை. உனக்காக இலை போட்டு வைத்துத் தேடியிருக்கிறார்கள். சம்பந்தி அம்மாள் எல்லோர் எதிரிலும், "ஒங்க தங்கச்சிக்கு என்ன வருத்தமாம்? சாப்பிடாமலா போயிட்டா?" என்று கேட்டார். சொந்தத் தங்கை கை நனைக்காமல் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தானே? என் பெண்ணின் கல்யாணத்தில் எனக்கு அது வேண்டுமா?

புடவை விஷயம்தான் காரணம் என்று தெரியும். சொல்லிவிடுகிறேன். ஐப்பசியிலேயே சம்பந்தி அம்மாள் மனசு மாறிவிட்டது. "அரக்கெல்லாம் இப்ப யாரு கட்டுதா? பேபி பிங்க்தான் ஃபோட்டோல எடுப்பா இருக்கும்லா" என்றார். சென்னைக்குப் போனது அந்தப் புடவையை எடுக்கத்தான். அகிலா ஒரு நாள் அழுதாள், பிறகு அவளுக்கும் அது பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் எடுக்கிற புடவை. நான் என்ன பேச முடியும்?

உன்னிடம் சொல்லத்தான் நினைத்தேன். நீ அன்னம், சக்கரம் என்று அத்தனை ஆசையாக எழுதியிருந்தாய். அந்தப் புடவையை நினைத்துக்கொண்டாவது உன் கை சீக்கிரம் தேறட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவும் உன் நன்மைக்குத்தான். அவசரமில்லை என்று எழுதினேனே! தறியில் உட்கார வேண்டாம் என்றும் எழுதினேன். நீதான் கேட்கவில்லை.

புடவை என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. தலைதீபாவளிக்கு அகிலா கட்டிக்கொள்வாள். கை எப்படி இருக்கிறது? எழுது.

அக்கா


பெரிய காஞ்சிபுரம்,
26.1.2025

அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நன்றாக இருக்க வேண்டும். அகிலாவும் அவள் வீட்டுக்காரரும் நன்றாக இருக்க வேண்டும். இதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

இது இடது கை எழுத்து. அதனால்தான் இத்தனை நாளாயிற்று. முதல் கடிதத்தைவிட மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள். அது தேறிவருகிற கை. இது அ, ஆவிலிருந்து தொடங்குகிற கை.

முந்தியில் கடைசிச் சாண் நெய்துகொண்டிருந்தபோது அது அறுந்தது. பெரிதாக வலிக்கவில்லை. இழை ஒன்று அறுந்தால்கூடத் தறியில் உடனே தெரிந்துவிடும். இது அப்படியும் தெரியவில்லை. நாடாவை விட வேண்டிய நேரத்தில் விரல் விடவில்லை. ஏகாம்பரநாதரைச் சுட்டிக்காட்டுவதாக நினைத்தேன். எழவில்லை. இன்னும் பலமாக நினைத்தேன். எதிர்ப்பக்கம் இருந்து இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வந்து, "தள்ளிக்கோ" என்றார். மீதியை அவர்தான் முடித்தார்.

அதனால் உன் பீரோவில் இருக்கிற புடவையில் இரண்டு கோடு இருக்கிறது. உடலில் ஒன்று, அறுவை சிகிச்சைக்கு முன்னால் இருந்த என் கையும் பின்னால் இருந்த என் கையும் மாறிய இடம். கை மாறக் கூடாது என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன்; என் கையே இன்னொருவர் கையாகிவிட்டதைப் புடவையை அறுத்து விரித்த பிறகுதான் பார்த்தேன். மற்றொன்று முந்தியில், அன்னத்துக்கு மேலே. தீபாவளிக்கு அகிலா கட்டினால் யாருக்கும் தெரியாது. வெளிச்சத்துக்கு நேரே மட்டும் பிடிக்காதே.

கல்யாணத்தில் அந்தப் புடவையைப் புதுத் துண்டில் மூட்டையாகச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். மேடையில் அகிலா இளஞ்சிவப்பில் உட்கார்ந்திருந்தாள். அழகாகத்தான் இருந்தாள். நீ வேகமாக வந்து மூட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "அப்புறம் பேசலாம்" என்று உள்ளே போனாய். என் வலது கை முந்தானைக்குள் இருந்ததை நீ பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் நானும் வைத்திருந்தேன். ஆனாலும் நீ பார்த்திருப்பாய் என்றே கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கை நனைக்காமல் போனேன் என்கிறாய். எந்தக் கையை, அக்கா?

சோற்றைப் பிசைவது எல்லா விரலும் சேர்ந்து செய்கிற வேலை. வாய்க்குள் தள்ளுவது கட்டைவிரல். அது இல்லாமல் போனால் பருக்கை இலைக்கும் புடவைக்கும் போகிறது. உன் சம்பந்தி அம்மாள் வரிசையில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டிருக்க வேண்டுமா? ஸ்பூன் கேட்டிருக்க வேண்டுமா? பந்தி வரை வந்தேன். இலை போட்டுவிட்டார்கள், உப்பும் வைத்துவிட்டார்கள். திரும்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் இவர் இட்லி வாங்கிக்கொண்டு ஸ்பூன் கேட்டார். "இட்லிக்கு ஸ்பூனா அண்ணாச்சி?" என்று கடைப் பையன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. பிட்டு ஊட்டினார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. எனக்கு அங்கேதான் அழுகை வந்தது. உன் பெண்ணின் கல்யாணத்தில் அழவில்லை, அந்த நல்லது மட்டும் நடந்தது.

மறுபடி தைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். தட்டு எடுக்க, தலை வார உதவுமாம். "தறியை மறந்துடுங்கம்மா" என்றார். சொன்னபடி நான் திரிஷாவிடம் அழவில்லை. அவள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன வாரத்திலிருந்து காந்தி ரோட்டில் ஒரு கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலைக்குப் போகிறேன். படித்தவள், பேசத் தெரிந்தவள் என்று எடுத்துக்கொண்டார்கள். விரிக்கக் கட்டைவிரல் வேண்டாம். நேற்று வந்த ஒரு கல்யாணப் பெண் பேபி பிங்க் கேட்டாள். எடுத்துக் காட்டினேன். "உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா" என்று நானே சொன்னேன்.

எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை, இரண்டு பக்கமும் தப்பு என்று எழுதி முடித்துவிடலாம், நன்றாக இருக்கும். இவரும் அப்படித்தான் எழுதச் சொல்கிறார். ஆனால் இரண்டும் ஒரே எடை இல்லை. நீ வாய் திறந்து சொல்லியிருந்தால் எனக்குப் புடவை போயிருக்கும். வருத்தப்பட்டிருப்பேன், ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன், பிறகு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன். அந்த ஒரு மாதத்துக்குப் பயந்து நீ இதை நடக்க விட்டுவிட்டாய்.

அவசரமில்லை என்று எழுதினேனே என்கிறாய். எழுதினாய். பிறந்ததிலிருந்து நான் கேட்ட அத்தனை பேரில் நீ ஒருத்திதான் அந்த வார்த்தையை அதன் நேர் பொருளில் சொல்லியிருக்கிறாய். அது எனக்குத்தான் புரியாமல் போயிற்று.

இந்தக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று உனக்குக் கஷ்டமாக இருக்கும். யோசித்து எழுது, அக்கா.

அவசரமில்லை.

மங்கையர்க்கரசி